லா டிராவியாட்டாவுக்கு 1850 பாரிஸ் உடைகள்: எதில் துல்லியம், எதில் விட்டுக்கொடுக்கலாம்?

வெள்ளிஊசி:

வணக்கம். நாடகங்களுக்கு உடை வடிவமைத்துப் பழக்கம் உண்டு, ஆப்பராவுக்கு இதுதான் முதல் முறை. எடுத்திருப்பது வெர்டியின் 'லா டிராவியாட்டா'. இயக்குநர் காலத்தை மாற்றவில்லை. 1850, பாரிஸ் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சின்னக் குழு, கோரஸில் (கூட்டமாகப் பாடுபவர்கள்) 24 பேர், தைப்பதற்கு மூன்று பேர்.

நாயகி வயலெட்டாவாகப் பாடும் சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி), கோர்செட் (இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை) போட்டால் மூச்சு எடுக்க முடியாது, வேண்டவே வேண்டாம் என்கிறார். கோர்செட் இல்லாமல் 1850 வருமா என்று எனக்குச் சந்தேகம். அடுத்தது பாவாடை. இயக்குநர் காட்டிய மாதிரிப் படங்கள் எல்லாவற்றிலும் பாவாடையை விரித்து நிறுத்தும் பெரிய வளையக் கிரினோலின் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், முதல் அங்கத்தில் ஒரு விருந்து, இரண்டாம் அங்கத்தில் இன்னொரு விருந்து. 24 பேருக்கு இரண்டு செட் தைப்பது எங்களால் ஆகாத காரியம்.

இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த அளவு துல்லியம் தெரியும்? எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதை விடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையபாணி:

பாவாடையிலிருந்து தொடங்குகிறேன். எஃகு வளையம் வைத்த கூண்டுக் கிரினோலினுக்குக் காப்புரிமை வாங்கியது 1856-ல். உங்கள் கதை நடக்கும் 1850-ல் அது கிடையாது. அப்போது அகலம் வந்தது அடுக்கடுக்கான உள்பாவாடைகளால். குதிரைமுடி கலந்து நெய்த விறைப்பான பாவாடை ஒன்று, அதன் மேல் கஞ்சி போட்ட பருத்திப் பாவாடைகள் சில, கடைசியாக மேல்பாவாடை. 1850-களின் தொடக்கத்தில் மேல்பாவாடையிலும் வரிசை வரிசையாக ஃப்ரில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இது வெறும் தேதிக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் மேடையில் நடந்துகொள்ளும் விதமே வேறு. கூண்டு லேசானது. உள்ளே கால் தனியாக இருக்கும், திரும்பினால் பாவாடை ஆடும், உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அடுக்குப் பாவாடையோ கனமாக விழும், காலோடு சேர்ந்து நகரும், நின்றதும் அதுவும் நின்றுவிடும். நோயாளியான ஒரு பெண் அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு விருந்தினரிடையே நடக்கிறாள் என்பது இந்தக் கதைக்குத் தேவையான விஷயம்.

படம் வேண்டுமானால் ஆங்க்ர் வரைந்த ப்ரோய் இளவரசியின் ஓவியத்தைப் பாருங்கள். 1850-களின் தொடக்கம், நீல சாட்டின் மாலையுடை. தோள் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே வருகிறது, பாவாடை எந்த இடத்திலிருந்து விரிகிறது என்பதெல்லாம் அதில் அளந்து எடுக்கிற மாதிரி இருக்கும். வின்டர்ஹால்ட்டர் 1855-ல் வரைந்த, யூஜெனி பேரரசி தன் தோழியரோடு அமர்ந்திருக்கும் ஓவியமும் பயன்படும். அவ்வளவு அகலமான பாவாடைகள், கூண்டுக்குக் காப்புரிமை வருவதற்கு முந்தைய வருடத்துப் படம் அது.

கடைசிவரிசை:

//அப்போது அது கிடையாது//

ஆறு வருட வித்தியாசத்தைப் பார்வையாளர்களில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? 'டிராவியாட்டா' விஷயத்திலேயே வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1853 மார்ச் 6-ல் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் முதல் முறை மேடையேறியபோது வெர்டி தன் சமகால உடைதான் வேண்டும் என்றார். அரங்கத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. கதையைச் சுமார் 1700-க்குத் தள்ளி, அந்தக் கால உடையில்தான் நடத்தினார்கள். அதாவது முதல் மேடையேற்றத்திலேயே 'சரியான காலம்' இல்லை.

1955-ல் மிலானின் லா ஸ்காலாவில் விஸ்கோன்டி இயக்க, மரியா காலஸ் பாடியபோது, லீலா டி நோபிலியின் வடிவமைப்பு கதையை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு நகர்த்தியது. இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம். 2005 சால்ஸ்பர்க்கில் வில்லி டெக்கர் ஒரு சிவப்பு உடை, ஒரு பெரிய கடிகாரம், கோரஸ் முழுக்க ஆண்கள் அணியும் கறுப்பு சூட் என்று சுருக்கிவிட்டார். பெண்களுக்கும் அதே சூட்தான். கதை எங்கேயும் குறையவில்லை. அதனால் துல்லியத்தை ஒரு விரதமாகப் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பழையபாணி:

நீங்கள் சொன்ன மூன்று உதாரணமும் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கின்றன. விஸ்கோன்டி காலத்தை நகர்த்தியபோது உள்ளாடை, கொண்டை, நாற்காலி வரை எல்லாமே சேர்ந்து நகர்ந்தது. டெக்கர் காலத்தையே எடுத்துவிட்டார். இருவரும் முடிவெடுத்துச் செய்தார்கள். முடிவெடுக்காமல், 1845 ரவிக்கை, 1860 கூண்டு, இன்றைய கொண்டை என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்க்கும்போதுதான் உடை 'பழங்காலம்' என்ற பொதுவான ஒரு மங்கலுக்குள் போய்விடுகிறது. பார்ப்பவருக்குத் தவறு எது என்று சொல்லத் தெரியாது. ஆனால் எதையும் நம்ப முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

வெர்டி கேட்டதும் அதைத்தான். பார்க்க வந்தவர்கள் போட்டிருந்த அதே உடையில் வயலெட்டா நிற்க வேண்டும் என்று விரும்பினார். இந்த ஆப்பராவின் மூலக்கதையான டூமா மகனின் நாவல் 1848-ல் வந்தது. அந்த நாயகிக்கு முன்மாதிரியான மரி டுப்ளெஸ்ஸி இறந்தது அதற்கு முந்தைய வருடம்தான், 23 வயதில். மேடையில் நடப்பது அன்றைக்கு அவ்வளவு புதிய செய்தி. 1700-க்குத் தள்ளியதும் அந்தச் சூடு போய்விட்டது.

மேல்ஸ்வரம்:

பாடுகிறவள் என்ற முறையில் கோர்செட் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா?

உங்கள் சோப்ரானோவின் பயம் நியாயமானது. ஆனால் அவர் பயப்படுவது இறுக்கிக் கட்டிய கோர்செட்டுக்கு. நாங்கள் மூச்சு எடுக்கும்போது மார்பு மேலே தூக்குவதில்லை. கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் விரியும், வயிறு கொஞ்சம் முன்னால் வரும். அந்த இடங்களில் இடம் கிடைத்தால் போதும். சரியாகத் தைத்த கோர்செட்டில் விலா விரிந்து துணியைத் தொடும்போது ஒரு பிடிமானம் கிடைக்கும். மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும். அதை விரும்பிக் கேட்கும் பாடகிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஆனால் மூன்று நிபந்தனை. அளவை மூச்சை முழுசாக எடுத்த நிலையில் எடுங்கள். சும்மா நிற்கும்போது எடுத்த அளவுக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம் வரும். ட்ரையலில் அவரைப் பாட வையுங்கள், அதுவும் முதல் அங்கக் கடைசியில் வரும் 'செம்ப்ரே லிபெரா'வைப் பாட வையுங்கள். கண்ணாடி முன்னால் பேசாமல் நின்று பார்க்கும் ட்ரையலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றாவது, ஒத்திகை தொடங்கும் நாளிலிருந்தே ஒரு பழைய கோர்செட்டும் நீளப் பாவாடையும் கொடுத்துவிடுங்கள். உடை ஒத்திகையன்று முதல் முறையாகப் போட்டால், எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் அவர் அதை எதிரியாகத்தான் பார்ப்பார்.

இன்னொன்று, யாரும் கேட்காத விஷயம்: காது. எங்களுக்கு மைக் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவையும் எங்கள் குரலையும் சேர்த்துக் கேட்டுத்தான் சுருதி பிடிக்கிறோம். காதை மூடும் விக்கோ தொப்பியோ போட்டால் தண்ணீருக்குள் இருந்து பாடுவது மாதிரி ஆகிவிடும். 1850-ன் தலை அலங்காரத்தில் நடுவகிடு எடுத்து முடியை இரண்டு பக்கமும் காதின் மேல் வழித்துப் படிய வைப்பார்கள். மேலே சொன்ன ப்ரோய் ஓவியத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அங்கே மட்டும் தயவுசெய்து துல்லியத்தை விட்டுவிடுங்கள்.

கத்தரிக்கோல்:

வெட்டுவதும் தைப்பதும்தான் என் தொழில், அதை மட்டும் சொல்கிறேன்.

1850-ன் சின்ன இடுப்பு இறுக்கத்தால் வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் கண்ணுக்குக் காட்டும் வித்தை. மேலே கழுத்து வெட்டு அகலமாகி, தோள் சரிந்து, கையின் மேல்பகுதி வரை கிடைமட்டமாக ஒரு கோடு ஓடுகிறது. கீழே பாவாடை குவிந்து விரிகிறது. ரவிக்கையின் முன்பக்கம் கூராக இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் இடுப்பு தானாகச் சின்னதாகத் தெரியும். ஒரு அங்குலம்கூட இறுக்க வேண்டாம்.

கோர்செட்டுக்கு முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்துப் போட்டுப் பாருங்கள். பின்பக்கக் கயிறு போடும் இடத்தில் இரண்டு ஓரமும் சேராமல் நல்ல இடைவெளி இருக்கட்டும். பக்கவாட்டில், கீழ் விலா இருக்கும் இடத்தில், உறுதியான எலாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து மேலே துணியால் மறைத்துவிடலாம். கயிற்றை இடுப்பில் மட்டும் பிடித்து, மேலே தளர்த்திக் கட்டுங்கள். ரவிக்கையை கோர்செட்டின் மேல் அளவெடுத்து வெட்டுங்கள், உடம்பின் மேல் வெட்டாதீர்கள். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கோர்செட்டில் விட்ட இடத்தை ரவிக்கை பறித்துக்கொள்ளும். அப்புறம் பாடகி கோர்செட்டைத்தான் குறை சொல்வார்.

கை விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ரவிக்கையில் தோள் தையல் தோளைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். கைக்குழியும் சின்னது. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. அன்றைய சீமாட்டிக்குத் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வயலெட்டா மதுக் கோப்பையை உயர்த்தி 'பிரிந்திசி' பாட வேண்டும். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தையுங்கள். கையை இறக்கினால் மறைந்துவிடும், தூக்கினால் ரவிக்கை மேலே ஏறாது.

கோரஸுக்கு ஒரு வார்த்தை. எல்லா உடைகளிலும் உள்பக்கம் தாராளமாகத் துணி விடுங்கள், பக்கத் தையலில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம். ஆப்பரா உடையை ஒருவர் மட்டும் போடுவதில்லை. இன்றைக்கு ஒருவர், மறுபடி மேடையேறும்போது வேறொருவர். வெட்டிப் போட்ட துணி திரும்பி வராது.

வெள்ளிஊசி:

கத்தரிக்கோல் அக்கா, ரவிக்கையை கோர்செட்டின் மேல் அளவெடுப்பது பற்றி எழுதியதை அப்படியே எங்கள் தையல் மேசையில் ஒட்டிவிட்டேன். மிக்க நன்றி.

மேல்ஸ்வரம், நீங்கள் எழுதியதை சோப்ரானோவிடம் படித்துக் காட்டினேன். "பாடி ட்ரையல் பார்க்கலாம் என்றால் சம்மதம்" என்று சொல்லிவிட்டார்.

கூண்டு வேண்டாம், அடுக்குப் பாவாடைதான் என்று இயக்குநரிடமும் பேசிவிட்டேன். ஆனால் கனம்? கோரஸ் பெண்கள் 12 பேர். ஆளுக்கு ஐந்து பாவாடை என்றால் தைத்து மாளாது.

கத்தரிக்கோல்:

கோரஸுக்கு ஐந்து வேண்டாம். ஒரே இடுப்புப் பட்டியில் இரண்டு அடுக்கு போதும். உள்ளடுக்கில் கனமான கயிறுகளை வரிசையாக உள்ளே வைத்துத் தையுங்கள், கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி விட்டும். இதுவும் அந்தக் காலத்து முறைதான். மேலடுக்கில் விறைப்பான வலைத்துணி ஃப்ரில். இடுப்பில் துணியைச் சும்மா சுருக்காதீர்கள். நெருக்கமாகக் கொசுவி, கொசுவத்தின் விளிம்பை மட்டும் பட்டியில் பிடியுங்கள். அப்போதுதான் பாவாடை பட்டியிலிருந்தே குதித்து விரியும். தூரத்திலிருந்து 1850 என்று முதலில் தெரியும் இடம் அதுதான். வயலெட்டாவுக்கு மட்டும் முழு அடுக்கு கொடுங்கள்.

முன்பக்க ஓரம் தரையைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். மேடை முன்னால் சரிந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் கீழே பார்த்து நடக்க மாட்டார்கள்.

அலமாரி:

மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிடுவது என் வேலை. இரண்டு விருந்துப் பிரச்சினைக்கு லிப்ரெட்டோவிலேயே (ஆப்பராவின் பாடல், காட்சிக் குறிப்புப் பிரதி) விடை இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் வயலெட்டாவின் தோழி ஃப்ளோராவின் விருந்துக்குப் பெண்கள் ஜிப்சி வேடத்திலும் ஆண்கள் மாட்டுச் சண்டை வீரர் வேடத்திலும் வருகிறார்கள். அது வேடம் என்று கதையிலேயே இருக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் தங்கள் மாலையுடைக்கு மேல் ஒரு சால்வை, குஞ்சம் வைத்த இடுப்புத் துணி, குட்டைக் கோட், கேப் போட்டுக்கொண்டால் சரியாகிவிட்டது. முகமூடி வைத்தால் அரை முகமூடியாக, மூக்கை அழுத்தாததாக இருக்கட்டும்.

வேகமாக மாற்ற வேண்டியது யார் என்று பட்டியல் போட்டீர்களா? எல்லோரும் வயலெட்டாவைத்தான் நினைப்பார்கள். அவர் காதலன் ஆல்ஃப்ரெடோவிடம் 'அமாமி, ஆல்ஃப்ரெடோ' பாடிவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். அதன் பிறகு கடிதம், ஆல்ஃப்ரெடோவின் அப்பா ஜெர்மோன்ட் பாடும் 'டி ப்ரொவென்ஸா', காட்சி மாற்றம், ஜிப்சிகளும் வீரர்களும் பாடும் கோரஸ் எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபடி மேடைக்குப் போகிறார். நிதானமாக மாற்றலாம். சிக்கல் ஆல்ஃப்ரெடோவுக்கு. கிராமத்து வீட்டுக் காட்சியின் கடைசி நொடி வரை மேடையில் இருந்துவிட்டு ஓடி வருகிறார். வேட்டையாடும் உடையில் தொடங்க வேண்டும் என்று லிப்ரெட்டோ சொல்கிறது. பூட்ஸ், தோல் பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மாலை விருந்துக்கான கறுப்பு டெயில்கோட்டில், மூச்சு வாங்காமல் போய்ப் பாட வேண்டும்.

பூட்ஸின் உள்பக்கத் தையலில் ஜிப் வைத்துவிடுங்கள். அது பிற்காலத்துச் சாமான்தான், ஆனால் வெளியே தெரியாது. விருந்துச் சட்டையை வேட்டைக் கோட்டின் உள்ளேயே போட்டுவிடலாம், மேலே ஒரு கழுத்துத் துணி அதை மறைக்கும். வெள்ளை வேஸ்ட்கோட்டின் முன்பக்கம் ஒரே துண்டாக, பின்னால் ஹூக். கழுத்து க்ராவட்டைக் கட்டி முடித்த வடிவிலேயே தைத்து, பின்னால் எலாஸ்டிக்கோடு ஒரு ஹூக் வையுங்கள். சட்டைக் காலர் டெனரின் (ஆல்ஃப்ரெடோவாகப் பாடுபவர்) கழுத்துக்கு இரண்டு விரல் போகிற அளவு தளர்வாக இருக்கட்டும்.

வெல்க்ரோ மட்டும் வேண்டாம். பியானிசிமோ (மிக மெல்லிய இசை) போய்க்கொண்டிருக்கும்போது சைடு விங்கில் அதைப் பிரித்தால் சத்தம் அரங்கம் வரை கேட்கும்.

பழையபாணி:

வயலெட்டாவுக்கு இன்னொரு வசதி உண்டு, அது வரலாற்றின்படியும் சரி. அந்தக் காலத்தில் ஒரே பாவாடைக்கு இரண்டு ரவிக்கை தைத்துக்கொள்வது வழக்கம். பகலுக்குக் கழுத்து மூடிய, முழுக்கை வைத்த ஒன்று. மாலைக்குத் தோள் திறந்த ஒன்று. கோரஸிலும் சில பேருக்கு இதைச் செய்தால் இரண்டு விருந்தும் வேறு வேறு உடை மாதிரி தெரியும்.

ஒளிக்கம்பம்:

சத்தம் என்றதும் டஃபேட்டா நினைவுக்கு வந்தது. கோரஸ் பெண்கள் எல்லோரும் விறைப்பான டஃபேட்டாவில் ஒரே நேரத்தில் திரும்பினால் ஒரு சரசரப்பு கிளம்பும் பாருங்கள். அமைதியான இடங்களில் மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் துணியை மாற்றிக் கொடுங்கள்.

நான் சொல்ல வந்தது நிறம். துணி வாங்குவதற்கு முன் ஒரு சாண் துண்டு வெட்டி எங்கள் விளக்கின் கீழே கொண்டுவந்து காட்டுங்கள். பழைய ஹாலஜன் விளக்கில் செழிப்பாகத் தெரிந்த சிவப்பும் ஊதாவும் எல்.ஈ.டி. விளக்கில் சில சமயம் தட்டையாகவோ வேறு நிறமாகவோ போய்விடும். சுத்த வெள்ளை வேண்டாம். சட்டை, பாவாடை, லேஸ் எல்லாவற்றையும் தேயிலைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள். இல்லாவிட்டால் டெனரின் முகத்தைவிட அவர் சட்டைதான் பிரகாசிக்கும். அதேபோல் 12 ஆண்களுக்கும் ஒரே கறுப்பு என்றால், இருட்டான செட்டில் 12 தலைகள் மட்டும் மிதக்கும். ஒருவருக்குக் கருநீலம், ஒருவருக்கு அடர்பழுப்பு, காலரில் கொஞ்சம் வெல்வெட் என்று கலந்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் உருவம் தெரியும்.

வெள்ளிஊசி:

1850 என்றால் ரசாயனச் சாயம் வருவதற்கு முன்னால்தானே? அதனால் நிறங்களை எல்லாம் மங்கலாக, பழுப்பும் சாம்பலுமாக எடுக்க நினைத்திருந்தேன்.

பழையபாணி:

தேதி சரி. பெர்கின் மாவ் (வெளிர் ஊதா) நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856-ல். ஆனால் அதற்கு முன்னால் உலகம் மங்கலாக இருந்தது என்பது தவறான எண்ணம். காச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு, மஞ்சிட்டி வேர்ச் சிவப்பு, அவுரி நீலம், பிரஷ்யன் நீலம் என்று எல்லாமே அழுத்தமான நிறங்கள். ஆர்செனிக் கலந்த பளிச்சென்ற பச்சைகூட அப்போது புழக்கத்தில் இருந்தது. மங்கிப்போன பழைய துணிகளை அருங்காட்சியகத்தில் பார்த்துப் பழகியதால் அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. வயலெட்டாவின் வரவேற்பறை பணம் தண்ணீராய்ப் பாயும் இடம். தயங்காமல் நிறம் போடுங்கள்.

கடைசிவரிசை:

சரி, பாவாடை விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கனம் நடையை மாற்றுகிறது என்பது நடிப்பு சம்பந்தப்பட்ட விஷயம், அது இருபதாவது வரிசைக்கும் தெரியும். ஆனால் பட்டன் எந்த வருடத்தது, லேஸ் கையால் பின்னியதா மிஷினில் பின்னியதா என்ற ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் நேரத்தை ட்ரையலுக்குக் கொடுங்கள் என்பதில் மாற்றமில்லை.

பழையபாணி:

அதில் எனக்கும் சம்மதம். பட்டனுக்காக நான் சண்டை போட மாட்டேன். உருவக் கோடு, நடை, தலை இந்த மூன்றுக்கும் போடுவேன்.

மேல்ஸ்வரம்:

தலையில் காது!!

பழையபாணி:

காது திறந்தே இருக்கட்டும் :) முடியைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் உப்பலாக எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பூவோ ரிப்பனோ தொங்கவிட்டால் முன்னாலிருந்து பார்க்கக் காது மூடியது போலவே தெரியும்.

மேல்ஸ்வரம்:

நன்றி. இடையில் ஒரு விஷயம், என் குரல் மெஸ்ஸோ (நடுத்தரப் பெண் குரல்) என்பதால் கேட்கத் தோன்றுகிறது. ஆண் வேடம் போடும் பெண்களுக்கான உடை பற்றி யாராவது தனி இழை தொடங்குங்களேன். மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஆப்பராவில் கெரூபினோவுக்கு, ஆணாக நடிக்கும் பெண்ணுக்கு, சுசன்னா மேடையிலேயே பெண் உடை போட்டுவிடுகிறாள், அதுவும் பாடிக்கொண்டே. அந்த ஆரியாவின் தாளத்துக்குள் தொப்பியும் ரிப்பனும் போட்டு முடிய வேண்டும். தைத்தவர் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாரா இல்லையா என்பது முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும்.

கத்தரிக்கோல்:

அதற்குத் தனி இழையே வேண்டும். சுருக்கமாக ஒன்று: 18-ஆம் நூற்றாண்டு ஆண் உடை அதற்கு வசதியானது. நீள வேஸ்ட்கோட் இடுப்பை மறைத்துவிடும், கோட்டின் தோள் அன்றைக்கே சரிவானது. மார்பை இறுக்கிக் கட்ட வேண்டிய தேவை குறையும், மூச்சும் தப்பிக்கும். ஸ்ட்ராஸின் 'ரோசன்கவாலியர்' ஆப்பராவில் பெண் பாடும் ஆண் வேடமான ஆக்டேவியனுக்கும் இதே கதைதான். அதற்கு ஆல்ஃப்ரெட் ரோலர் 1911 டிரெஸ்டன் மேடையேற்றத்துக்கு வரைந்த உடைப் படங்கள் அச்சாகி மற்ற அரங்குகளுக்கும் போயின, தேடிப் பாருங்கள்.

வெள்ளிஊசி:

கடைசி அங்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெள்ளை நைட்கவுன் ஒன்று போதும் என்று இயக்குநர் நினைக்கிறார்.

கத்தரிக்கோல்:

நைட்கவுன் மட்டும் போதாது, இன்னோர் உடை கட்டாயம் வேண்டும். ஆல்ஃப்ரெடோ திரும்பி வந்ததும் வயலெட்டா தேவாலயத்துக்குப் போக எழுந்திருக்கிறாள். உடுத்த உடை கொண்டுவா என்று பணிப்பெண் அன்னீனாவிடம் கேட்கிறாள், போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள், முடியவில்லை. கோபத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நாற்காலியில் விழுகிறாள். அவள் சாகப் போகிறாள் என்பதை அவளே ஒத்துக்கொள்ளும் இடம் அது. அந்த இடத்தில் முழுக் கதையையும் ஒரு துணி சுமக்கிறது.

அது என்ன உடை என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாம் அங்கத்தில் கிராமத்து வீட்டில் போட்ட பகல் ரவிக்கையைக் கொடுப்பேன். அவள் சந்தோஷமாக இருந்தபோது போட்டது. கோர்செட்டின் மேல் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை, இப்போது அவள் கோர்செட் போடவில்லை, உடம்பும் இளைத்துவிட்டது. ஒரு கையை நுழைத்ததும் தோள் நழுவும். நடிப்பதற்கு அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ரவிக்கையே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே கை போதும். இரண்டாவது கையைத் தேடிப் பாட்டை விட்டுவிடக் கூடாது. கைக்குழியின் உள்ளே வழுக்கும் லைனிங் போட்டு, ஒத்திகையிலிருந்தே அதைக் கொடுத்துவிடுங்கள்.

நைட்கவுனின் கழுத்தும் தோளும் நன்றாகத் தளர்வாக இருக்கட்டும். 'அட்டியோ டெல் பஸ்ஸாட்டோ' பாடுவதற்குக் கோர்செட் கழற்றிய உடம்பு கிடைக்கிறது என்பதே பாடகிக்குப் பெரிய ஆறுதல்.

மேல்ஸ்வரம்:

அக்கா, இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிஊசி, இதை அப்படியே செய்யுங்கள்.

வெள்ளிஊசி:

செய்கிறேன். இயக்குநரிடம் காட்டினேன், அந்த இடத்தை மறுபடி ஒத்திகை பார்க்கலாம் என்று உடனே சொல்லிவிட்டார்.

கோர்செட் ட்ரையலும் முடிந்தது. காடா மாதிரியைப் போட்டுக்கொண்டு 'செம்ப்ரே லிபெரா'வைப் பாடினார். முதல் முறை மேல் ஸ்தாயியில் பக்கவாட்டுத் தையல் விறைத்து நின்றது கண்ணுக்கே தெரிந்தது. எலாஸ்டிக் துண்டை ஒரு விரல் அகலம் கூட்டி, கயிற்றை மேலே தளர்த்தினோம். இரண்டாவது முறை பாடி முடித்துவிட்டு, "இதை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயிற்சி செய்யலாமா?" என்று கேட்டார்!

இன்னும் ஒரே ஒரு கேள்வி, அலமாரிக்கு. முதல் அங்கத்தில் மார்பிலிருந்து பூவை எடுத்து ஆல்ஃப்ரெடோவிடம் கொடுக்க வேண்டும். ஊசியில் குத்தி வைத்தால் எடுக்கும்போது லேஸ் கிழிகிறது. என்ன செய்யலாம்? வியர்வைக்கும் ஒரு வழி சொல்லுங்கள், தினமும் துவைக்க முடியாத பட்டு இது.

அலமாரி:

பூவின் பின்னால் தட்டையான சின்னக் காந்தம் ஒன்று, ரவிக்கையின் உள்பக்கம் லைனிங்குக்கும் துணிக்கும் நடுவில் இன்னொன்று. இழுத்தால் வந்துவிடும், தானாக விழாது. உள்ளே வைக்கும் காந்தத்தை ஒரு சின்னப் பையில் போட்டுத் தைத்துவிடுங்கள், நகரக் கூடாது. கோர்செட்டில் எஃகு எலும்பு இருந்தால் அதற்கு நேராக வைக்காதீர்கள், பூ இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்.

வியர்வைக்கு: கோர்செட்டின் உள்ளே பருத்தி உள்சட்டை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துவைத்தது. அக்குளில் கழற்றி மாட்டும் பட்டைகளை பிரஸ் பட்டனில் வையுங்கள். பட்டுக்கு, வாசனை சேர்க்காத வோட்காவைத் தண்ணீரில் கலந்து உள்பக்கமாகத் தெளித்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். முதலில் தையலின் உள்ளே ஓர் ஓரத்தில் தெளித்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூவை மட்டும் நான்கைந்து செய்து வையுங்கள். ஆல்ஃப்ரெடோ கையில் போன பூ அவர் கோட் பையில் நசுங்கித்தான் திரும்பி வரும்.